நேர்ந்துவிட்ட களாச்செடி

எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது. பிறவிக் குணம். ஒயிட்ஃபீல்டு தையல் கம்பெனிக்குப் போகிற விடியற்கால ரயிலில் அடித்துப் பிடித்து சீட்டு பிடிப்பேன். பங்காருப்பேட்டை வருவதற்குள் எழுந்துபோய் கதவுப் பக்கம் நின்றுகொள்வேன். "உனக்கு சீட்டே தண்டம் வின்னி" என்று கூட வருகிறவர்கள் திட்டுவார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு சும்மா நிற்கத் தெரியாது, கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி செடி வளர்க்கலாமா? வளர்க்கவே கூடாது. நான் வளர்த்தேன்.

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி வரிசை. பின்கதவைத் திறந்தால் டம்ப். பாறையை அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு, சயனைடு கலந்த மண்ணை அந்தக் காலத்தில் மலையாகக் கொட்டிவிட்டுப் போனார்களே, அது. காற்று எழும்பினால் சோற்றில் மண், தலையணையில் மண், காதுக்குள் மண். என் வீட்டுக்காரர் கிளமெண்ட், மைன்ஸ் மூடுகிறவரை அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். அங்கே நெஞ்சுக்குள் போன பாறைத்தூசி போனதுதான், மிச்சத்துக்கு வெளியே இருந்து இந்த மண்ணும் சேர்ந்துகொண்டது. அதைத் தடுக்கத்தான் கொல்லைப்பக்கம் ஏதாவது பச்சையாக நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ரோஜா வைத்தேன், கருகியது. செம்பருத்தி வைத்தேன், அதுவும் போயிற்று. கறிவேப்பிலை நாலு இலை விட்டு என்னை ஏமாற்றிவிட்டு நாசமாய்ப் போனது.

களாச்செடியை நான் வைக்கவில்லை. அதுவாக வந்தது. பேத்தமங்களா சந்தையில் ஊறுகாய்க்கு என்று களாக்காய் வாங்கினேன். பாதிக்குமேல் கறுத்துப் பழுத்துவிட்டிருந்தன. ஏமாற்றிவிட்டானே என்ற கோபத்தில் பழத்தையெல்லாம் பிதுக்கி, விதையைக் கொல்லையில் வீசினேன். களா விதை காய்ந்துவிட்டால் முளைக்காதாம். அது ஈரத்தோடு விழுந்தது, அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அஞ்சு முளை வந்து நின்றது. வந்ததே தப்பு. காலையில் தண்ணி, சாயங்காலம் தண்ணி, நடுவில் வேர் இறங்கிவிட்டதா என்று தோண்டிப் பார்க்கிறது. நாலு முளையை அழுகடித்துக் கொன்றேன். அஞ்சாவது, உடைந்த துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்தது. என் கண்ணில் படாததால் பிழைத்தது.

அந்தச் சமயத்தில்தான் கிளமெண்ட் படுத்தார். மூச்சு இழுக்க முடியாமல் கோலார் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தார். செடியாவது மண்ணாவது, எல்லாவற்றையும் மறந்துபோனேன். மாதா கோயிலில் முட்டிபோட்டு ஜெபிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை, கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கொல்லைக்கதவைத் திறந்தால், கல்லுக்குப் பின்னால் அது முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கிறது! ஒரு வாய்த் தண்ணி ஊற்றவில்லை. ஆடு கடித்துப் பார்த்துவிட்டு, குத்து வாங்கி, வாயை உதறிக்கொண்டு ஓடியிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பக் கோயிலுக்கு ஓடினேன். "மாதாவே, இவர் எழுந்து நடக்கட்டும். எங்க வீட்டுக் களா வளர்ந்ததும் அதோட முதல் முள்ளு உங்க பிள்ளை தலைக்கு" என்று சத்தமாகவே நேர்ந்துகொண்டேன். பக்கத்தில் ஹரோல்ட் அண்ணன் நின்றிருந்தார். "ஆமென்" என்று அவர்தான் முடித்துவைத்தார். கிளமெண்ட் எழுந்து நடந்தே வீட்டுக்கு வந்தார்.

ஹரோல்ட் அண்ணன் யாரென்றால், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வருஷாவருஷம் முள்முடி பின்னுகிறவர். அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேனாக இருந்தவர். தோண்டின இடம் இடிந்து விழாமல் கட்டை கொடுத்து நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. கையில் அவ்வளவு சுத்தம். பேத்தமங்களா ரோட்டோரத்தில் களாப்புதர் இருந்தது, வெள்ளிக்கிழமை காலையில் பச்சையாக வெட்டிவந்து பின்னுவார். அந்த இடத்தில் லேஅவுட் போட்டு மொத்தத்தையும் மழித்துவிட்டார்கள். போன வருஷம் கம்பியை முறுக்கி ஒரு முடி செய்தார். அதைப் பார்த்த ஃபாதர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்கு அது பெரிய மானக்கேடு. அப்போதிருந்தே அவர் கண் என் செடிமேல் விழுந்துவிட்டது.

அதற்குள் செடி என் தலைக்குமேல் போயிருந்தது. நான் தண்ணி ஊற்றுவதில்லை. ஊற்றாதே என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொண்டேன். டம்ப் மண்ணில், சொட்டு ஈரம் இல்லாத பங்குனியில், அது பாட்டுக்கு வெள்ளைவெள்ளையாகப் பூத்தது. மல்லி மாதிரி ஒரு வாசனை. பொழுது சாய்ந்தால் கொழுகொழுவென்று விட்டில்கள் வந்து பூவைக் குடைந்தன. பகலில் பட்டாம்பூச்சி. ஓணான் ஒன்று குடிவந்தது. பழம் விட்டால் அணில். அடியில் கீரி ஒன்று புகுந்து படுத்துக்கொண்டு என்னையே முறைக்கும். அதுவரை எங்கள் கொல்லைக்கு எதுவும் வந்ததில்லை, காக்கையும் நாயும்தான். இந்தத் தவக்காலத்தில் ஒரு ஜோடி கொண்டைக்குருவி வந்தது. வால் அடியில் சிவப்பு, தலையில் சின்னதாய்க் கறுப்புக் கொண்டை. இடுப்பு உயரத்தில், முள்ளும் இலையும் பின்னிக் கிடந்த நடு இடமாகப் பார்த்து, வேர்நாரும் ஒட்டடையும் என் தையல் நூலும் வைத்துக் கூடு கட்டியது. முட்டையைப் பார்த்த அன்றைக்கு நான் ரயிலில் உட்கார்ந்தே போனேன் என்றால் நம்புவீர்களா? அவ்வளவு சந்தோஷம். இந்த விஷமண்ணில், என் வீட்டைத் தேடி, தானாக வந்த உயிர்!

ஆனால் அதே தவக்காலத்தில் கிளமெண்டுக்குத் திரும்ப இருமல் பிடித்துக்கொண்டது.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து, ஓலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டே ஹரோல்ட் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொல்லைக்குப் போய் செடியைச் சுற்றி வந்தார்.

"இன்னா தங்கச்சி, செடி ஜோரா கீதே. வெள்ளிக்கெழம காலைல வந்து வெட்டிகினு போறேன்."

"இந்த வருஷம் வேணாங்ணா."

"வேணாமா? நேந்துகினது நீதானே? நான் பக்கத்துல நின்னு ஆமென் சொன்னவன்."

"கூடு கட்டிகீதுங்ணா. நேத்துதான் குஞ்சு பொரிச்சிது. அதுங்க பறந்து போகட்டும்."

"அட, கூட்ட உட்டுட்டு வெட்டிகறேன்."

"ஒரு குச்சியும் வெட்ட வேணாம்னு சொல்றேன்ல?"

அண்ணன் ஓலையை மடிப்பதை நிறுத்தினார். "ஆண்டவருக்கு முள்ளு இல்ல, குருவிக்கு முள்ளா? நல்லா கீதும்மா நியாயம்."

"ஆண்டவருக்கு அடுத்த வருஷம் குடுக்கறேன். இதுங்களுக்கு அடுத்த வருஷம் ஏதுங்ணா?"

உள்ளே கிளமெண்ட் இருமினார். அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "கேட்டுகினியா?" என்றார். நேர்ந்ததைக் கொடுக்காததால்தான் இந்த இருமல் என்கிறார். அந்தக் கோபத்தில் அவருக்கு டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

கிளமெண்ட் அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "வின்னி, மாதா கிட்ட குடுத்த வாக்கு. வெளயாட்டு இல்ல" என்றார்.

"மாதாவும் பிள்ள பெத்தவங்கதான். அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"உனுக்கு இன்னா, நீ சொல்லிடுவ. நெஞ்சு என்னுது." குரல் ஒரு மாதிரி இறங்கிப் போயிருந்தது. பயந்துபோயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் பயம்தான். ஆனால் கண் திறக்காத மூன்று குஞ்சுகளின் வாய் எனக்கு முன்னால் ஆவென்று திறந்தே இருந்தது.

அந்த வாரம் முழுக்க என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கம்பெனியில் காலர் தைக்கிறேன், மனசு கொல்லையில் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் செடிக்கு ஓடுவேன். குனிந்து பார்ப்பேன். உள்ளே வருவேன். வெங்காயம் பாதி நறுக்குவேன். மறுபடி ஓடுவேன். பக்கத்து வீட்டு யசோதரா ஸ்கூல் டீச்சர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்.

"அக்கா, ஒரு வெசயம் சொல்றேன், கோச்சிக்காத. நீ குனிஞ்சி குனிஞ்சி பாக்கற இல்ல? கொடிக்கம்பி மேல உக்காந்துகினு ஒரு காக்கா உன்னியே பாக்குது. இன்னாத்தடா இவ தெனமும் பாக்கறான்னு அது கணக்கு போடுது. சும்மா உடு அதுங்கள."

திரும்பிப் பார்த்தேன். காக்கை உட்கார்ந்திருந்தது. கல்லை எடுத்து விட்டெறிந்தேன். யசோதரா வீட்டு ஓட்டில் போய் விழுந்தது. "ஐயோ எங்கக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயில் பெருக்குகிற முறை எங்களுக்கு. விடியும்போதே துடைப்பத்தோடு போய்விட்டேன். பெருக்கி, பெஞ்சு துடைத்து முடித்து வரும்போது வெயில் ஏறியிருந்தது. கொல்லைக்கதவு திறந்து கிடந்தது.

செடி இல்லை. மொட்டை அடித்த தலையில் குடுமி விட்டதுபோல, நடுவில் ஒரே ஒரு கிளை நின்றது. அதில் கூடு. சுற்றிலும் வெட்டின தண்டுகளில் வெள்ளையாகப் பால் வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. இலைக்குள் இருட்டில் கிடந்த கூட்டுக்குள் இப்போது நேராக வெயில் விழுந்தது. இறகு முளைக்காத அந்தச் சிவப்புத் தோல் மேல் வெயில் விழுகிறதை என்னால் பார்க்க முடியவில்லை. தாய்க்குருவி வாயில் புழுவோடு கொடிக்கம்பியில் தாவித் தாவிக் கத்தியது. யசோதரா வீட்டு ஓட்டின்மேல் அந்தக் காக்கை. இன்றைக்கு அது என்னைப் பார்க்கவில்லை. கூட்டைத்தான் பார்த்தது.

கிளமெண்ட் டீ டம்ளரோடு கதவருகில் வந்து நின்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

"நான்தான் வெட்டச் சொன்னேன். கூட்டத் தொடவே இல்ல வின்னி. ஹரோல்ட் அண்ணன் பில்லர் உட்டு வெட்டினாரு. கை நடுங்காம, அவ்ளோ பதமா."

பில்லர் என்றால் என்னவென்று மைன்ஸ்காரர்கள் வீட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உள்ளே பாறையைத் தோண்டும்போது நடுவில் தூண்போல ஒரு துண்டை விட்டுவிட்டு, சுற்றிலும் வெட்டி எடுப்பார்கள். அந்தத் தூண்தான் மேலே இருக்கிற பாறையைத் தாங்கும். அதை விட்டால் உயிருக்குப் பாதுகாப்பு. அண்ணன் வாழ்நாள் முழுக்கக் கற்ற பாடம் அது. அதைக் கொண்டுவந்து என் செடியில் காட்டியிருக்கிறார்.

"பில்லர் உட்டா மேல பாற நிக்கும். இங்க மேல இன்னா கீது? வானம்! வானம் விழுந்துடும்னா பில்லர் உட்டாரு உங்க அண்ணன்?" என்று கத்தினேன். "அதுங்களுக்குக் கூடா வீடு? சுத்தி இருந்த முள்ளுதானே வீடு! அதத்தானே வெட்டிகினு போயிட்டாரு!"

கிளமெண்ட் செடியைப் பார்த்தார். ஓட்டின்மேல் இருந்த காக்கையைப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். சிலுவைப்பாதையில் ஏசுவுக்குச் சிலுவை தூக்க உதவுகிற சீமோன் வேஷம் இந்த வருஷம் அவருக்கு. நெஞ்சு சரியாக வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினது. நான் தைத்துக் கொடுத்த காவி அங்கியை மாட்டிக்கொண்டு போனார்.

யசோதரா குடையோடு ஓடிவந்தாள். குடையைக் கூட்டுக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். நிழல் விழுந்தது, ஆனால் தாய் வரவில்லை. கம்பியில் இருந்து கத்தியே தீர்த்தது. "நான் நின்னா அது வராது போலக்கா" என்று நாலடி தள்ளிப் போனாள். உடனே காக்கை ஓட்டிலிருந்து சுவருக்கு இறங்கியது. விரட்டினோம். நான் ஓடிப்போய் ரயில்பாதைப் பக்கமிருந்து சீமைக்கருவேலங்கிளை ஒன்றை இழுத்துவந்து சாத்தினேன். அதில் நிழல் ஏது? டம்ப் காற்று ஒரு வீச்சில் அதை உருட்டித் தள்ளியது. ஆள் நின்றால் தாய் வராது, ஆள் நகர்ந்தால் காக்கை வரும். குஞ்சுகள் வாய் திறந்து திறந்து பார்த்து, இப்போது தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தன.

களாமுள் வேண்டும். களாமுள் கவட்டை கவட்டையாக இருக்கும், ஒன்றோடு ஒன்று மாட்டினால் காற்றுக்கும் அசையாது, இலையும் சீக்கிரம் வாடாது. குருவிக்கும் அது பழகின முள். ஆனால் ஹரோல்ட் அண்ணன் ஒரு குச்சி விடாமல் ஆட்டோவில் ஏற்றிப் போயிருந்தார். முடிக்குப் போக மிச்சத்தை இலையோடு சிலுவைக்குச் சுற்றுவது அவர் வழக்கம்.

"யசோ, நீ கொஞ்சம் தள்ளி நின்னு காக்காவ மட்டும் ஓட்டு. நான் முள்ளு வாங்கிகினு வரேன்."

"யார் கிட்டக்கா?"

"ஏசு கிட்ட."

யசோதரா புத்தரைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சீக்கிரம் வந்துடு, நான் ஒண்டி ஆளு" என்றாள்.

ஓடினேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு எந்தச் சந்தில் புகுந்தால் எங்கே வெளியே வரலாம் என்று தெரியும். அன்றைக்கு மணி அடிக்கமாட்டார்கள், மரப்பலகையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். பழைய ரேஷன் கடைத் திருப்பத்தில் கூட்டம் நின்றிருந்தது. சீமோன் வந்து சிலுவைக்குத் தோள் கொடுக்கிற அஞ்சாவது ஸ்தலம். பிளாஸ்டிக் தொப்பி போட்ட போர்வீரர்கள் கூட்டத்திலிருந்து கிளமெண்டை இழுத்துவந்து சிலுவைக்குக் கீழே தள்ளினார்கள். நடுவில் கிரண். பெங்களூர் கம்பெனிக்குப் போகிற பையன், தவக்காலம் முழுக்கத் தாடி வளர்த்து ஏசுவாக நின்றான். நெற்றியில் குங்குமத் தண்ணியும் நிஜ ரத்தமும் கலந்து வழிந்தது. தலையில் என் செடி. சிலுவை முழுக்க என் செடி.

போர்வீரன் ஒருவன் ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "ஆன்ட்டி, சைடு ஆன்ட்டி" என்றான். தட்டிவிட்டுப் போய் சிலுவைக்கு முன்னால் நின்றேன்.

"இன்னாம்மா வின்னி?" என்றார் ஃபாதர். மைக்கில் சொல்லிவிட்டார். ஊருக்கே கேட்டது.

"முள்ளு வேணும் ஃபாதர்."

கூட்டத்தில் சலசலப்பு. காலையில் என்கூடக் கோயில் பெருக்கின ஜெயம்மா, "இவளுக்கு இன்னா கிறுக்கா" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது.

"எங்க செடி முள்ளு அது. நான்தான் நேந்துகினேன், ஒத்துக்கறேன். ஆனா அதுக்குள்ள குருவி குஞ்சு வெச்சிகீது. முள்ள எடுத்ததும் அதுங்க வெட்டவெளில கெடக்குது. வெயில்ல வேவுது. காக்கா சுவர் மேல குந்திகினு கீது. நான் இன்னா பண்ணுவேன்? ஆள் நின்னா தாய் வரமாட்டேங்குது." அதற்குமேல் வரவில்லை. கோபத்தில் அழுகிறேனா, அழுகையில் கோபப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஹரோல்ட் அண்ணன் முன்னால் வந்தார். "குடுத்தத திருப்பிக் கேக்கறியா? ஆண்டவர் தலைல வெச்சத? ஏம்மா, உன் புருஷன் உசுருக்கு நேந்துகினது அது!"

அது எல்லாருக்கும் உறைத்தது. எல்லாரும் கிளமெண்டைப் பார்த்தார்கள். அவர் சிலுவைக்கு ஒரு தோளைக் கொடுத்துக் குனிந்திருந்தார். அப்போது பார்த்து இருமல் வந்தது. சின்ன இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உடம்பையே மடக்கிப்போட்டது. மைக் அந்த இருமலையும் வாங்கித் தெருவெல்லாம் போட்டது. என் கால் இரண்டும் அசையவில்லை. சரி, முடிந்தது, இந்த இருமலைத் தாண்டி நான் என்ன கேட்க முடியும், திரும்பிப் போய்விடலாம் என்றே நினைத்தேன்.

இருமி முடித்து கிளமெண்ட் நிமிர்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். தோளிலிருந்த கட்டையைப் பக்கத்தில் நின்ற போர்வீரனிடம் மாற்றினார். கிரண் முன்னால் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் லேசாகத் தூக்கினார், தொடலாமா கூடாதா என்பதுபோல.

கிரண் அவரைப் பார்த்தான். மெதுவாகத் தலையைக் குனிந்தான்.

கிளமெண்ட் முடியை எடுத்தார். முள் தலைமயிரில் மாட்டியிருந்தது, ஒவ்வொன்றாக விடுவித்தார். கட்டைவிரலில் ரத்தம் வந்தது. கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "போ வின்னி" என்றார்.

நான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கிரண் என் காதோரமாக, "தேங்க்ஸ் ஆன்ட்டி, சத்தியமா உயிரே போச்சு" என்றான். எனக்கு மட்டும்தான் கேட்டது.

முதலில் அசைந்தது ஹரோல்ட் அண்ணன்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். சிலுவையில் தான் சுற்றிய கிளைகளைத் தானே அறுத்து இறக்கினார். "பில்லர் உட்டேன், சுத்தி கட்டை குடுக்கல. டிம்பர்மேன்னு வேற சொல்லிகினு திரியறேன், தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஃபாதர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மைக்கைப் பிடித்து, "நடப்போம்" என்றார். பலகை தட்டினார்கள். வெறுந்தலையோடு ஏசு நடந்தார். மொட்டைச் சிலுவையின் பின்கட்டையைக் கிளமெண்ட் பிடித்துக்கொண்டு போனார்.

அண்ணனும் நானும் கட்டு முள்ளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையெல்லாம் கிழிந்தது. யசோதரா குடையை மடக்கி, அதைத் தடியாக வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். "இன்னிக்கு லீவு நாளுக்கா எனக்கு" என்றாள், மூச்சு வாங்க. குஞ்சுகள் மூன்றும் இருந்தன. அண்ணன் இலைக்கிளைகளைச் சாய்த்து, கவட்டைமுள்ளில் கவட்டைமுள்ளை மாட்டி, கூட்டைச் சுற்றி நிறுத்தினார். குருவி நுழைய வழி விட்டார், காக்கை நுழைய வழி விடவில்லை. அந்த முள்கூண்டுக்கு மேல்பக்கம் மட்டும் திறந்திருந்தது. நான் முடியை நீட்டினேன். அவர் அதைச் சிலுவைக்குறி போட்டு வாங்கி, கூட்டுக்குமேல் வைத்து, அதன்மேல் ஒரு இலைக்கிளையைச் சொருகினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு மூன்று பேரும் உள்ளே போனோம்.

தாய் வரவில்லை.

யசோதரா சமைக்கப் போனாள். அண்ணன் சிலுவைப்பாதை முடிகிற கல்வாரிக்குத் திரும்பினார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். வரவில்லை. ஜன்னலுக்குப் போனேன். திரும்பக் கதவுக்கு வந்தேன். காக்கை முள்மேல் வந்து உட்கார்ந்து, காலைத் தூக்கி உதறிக்கொண்டு பறந்ததைப் பார்த்தேன். ஆனால் தாயைக் காணோம். வேறு எங்கோ போய்விட்டதா? அவ்வளவு ஆள், அவ்வளவு சத்தம், இனி வருமா? ஒரு எட்டு போய் குஞ்சுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று தாழ்ப்பாளில் கைவைத்தபோது முன்கதவில் கிளமெண்ட் வந்தார். அங்கியெல்லாம் டம்ப் மண்.

"வந்துச்சா?"

"வரல."

"நீ நின்னுகினு கீற வரைக்கும் வராது. உக்காரு."

"இல்லிங்க, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாத்துட்டு..."

"உக்காரு வின்னி."

கதவை முழுசாகச் சாத்தினார். கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். என் கால்கள் துடித்தன. அவர் என் கையை விடவில்லை.

"பாத்தியா நீ?" என்றார். "நான் கேக்கல. வாயத் தொறக்கல. ஆண்டவரே தலையக் குனிஞ்சி குடுத்தாரு." கண் கலங்கியிருந்தது, ஆனால் தவக்காலம் முழுக்க அவர் முகத்தில் இருந்த பயம் இல்லை. "போய்ச் சேந்துச்சி வின்னி நம்ம நேர்ச்ச. வாங்கிகினு, அப்பால குடுத்தாரு."

கிரண் என் காதில் சொன்னதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அவருக்கு இருமல் கிளம்பியது. எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் கை என் கைக்குள் இறுகியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். முகம் சிவந்தது, நெஞ்சு குலுங்கியது, சத்தம் வெளியே வரவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே காதைக் கதவுப் பக்கம் வைத்திருந்தேன்.

வெளியே, மிகச் சன்னமாக, கீச்சுக்கீச்சென்று மூன்று வாய்களும் ஒரே நேரத்தில் கத்தின. தாய் வந்தால் மட்டும் கத்துகிற கத்தல். கிளமெண்ட் துண்டை எடுக்காமலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.